தொண்டைச் சக்கரமும் கீழ் பெர்த்தும்

மூணு பேர் உக்கார்ற சீட்டுல நாலு பேர் உக்காந்தா அதுல ஒருத்தன் நசுங்கித்தான் ஆகணும். திருநெல்வேலி போற பகல் வண்டியில நசுங்கினது நான். ஜன்னல் கம்பி விலாவுல பதிஞ்சு கிடக்கு. எனக்குப் பக்கத்துல சூசை, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. அதுக்கு அடுத்து தாம்பரத்துல ஏறின தனுஷ்கோடி அண்ணாச்சி. ஓரத்துல அவரு சம்சாரம் வடிவு. மூட்டுவலிக்காரங்க, பாதி உடம்பு சீட்டுல, பாதி அந்தரத்துல.

இவங்களுக்கு டிக்கெட் இல்லாம இல்ல. எதிர்த்தாப்புல இருக்கிற கீழ் பெர்த் இவங்களோடதுதான். அதுல ஒரு மீசைக்காரரு காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு.

"என்னங்க, அவரை எழுப்புங்க. நான் காலை நீட்டணும்"னாங்க வடிவு.

"எழுப்புதேன், இரு"ன்னுட்டு அண்ணாச்சி எங்க பக்கம் திரும்பினாரு. "சார், விசுத்திச் சக்கரம்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? இந்தா, தொண்டைக்குழியில இருக்கு. அது அடைச்சிருந்தா மனசுல உள்ளது வாய்க்கு வராது. ஏலகிரியில ஒரு முகாம் போனேன். கண்ணை மூடி, தொண்டையில நீல வெளிச்சத்தை நினைச்சு, 'ஹம்', 'ஹம்'னு தியானம். மூணாம் நாளே படார்னு திறந்துக்கிட்டு."

"சத்தம் கேட்டுதா?"ன்னாரு சூசை.

"பக்கத்து ரூம்காரன் டயர் வெடிச்சுட்டுன்னு ஓடி வந்தாம்லா! ஊருக்கு வந்ததும் டாக்டர்கிட்ட காட்டினேன். வாயைத் திறன்னாரு. திறந்தேன். நீல வெளிச்சம் பளீர்னு அடிக்கு. டார்ச்சை அணைச்சு பைக்குள்ள போட்டுட்டாரு மனுசன். அந்த நேரம் பாத்து கரண்டு போச்சு. அண்ணாச்சி, வாயை மூடிராதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. மிச்சம் இருந்த நோயாளிக்கெல்லாம் என் வாய் வெளிச்சத்துலதான் ஊசி போட்டாரு!"

"ஈ கீ போகலியா?"ன்னேன் நான்.

"போச்சு. போனது தெளிவா ரீங்காரம் போட்டுட்டு வந்துச்சு."

வண்டி விழுப்புரத்துல நின்னுச்சு. "என்னங்க, முட்டி விண்ணு விண்ணுன்னு தெறிக்கு"ன்னாங்க வடிவு.

"சொல்லிக்கிட்டு இருக்கேம்லா, இரு. அப்புறம் பாத்துக்கிடுங்க, லோன் வேணுமான்னு ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. ஒரே ஒரு 'வேண்டாம்'. அவ்வளவுதான் சொன்னேன். அந்தத் தெளிவுல அந்தப் பிள்ளை வேலையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டா. அவ மேனேஜரு லைன்ல வந்தாரு. அவருக்கும் ஒரு வேண்டாம். மறுநாள் கம்பெனிக்குப் பூட்டு! எங்க ஊர்ல இப்ப ஒரு பயலுக்கும் லோன் போன் வாரதில்ல."

"எங்க ஊருக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போங்க"ன்னாரு சூசை. "முப்பது வருஷம் உள்ளே போ, உள்ளே போன்னு கத்தியிருக்கேன், ஒருத்தன் நகரல."

"சக்கரம் திறக்கல உமக்கு. நான் போன ஐப்பசியில மேகத்துக்கே சொல்லியிருக்கேன். மொட்டை மாடியில இவ வத்தல் காயப்போட்டிருந்தா. கருகருன்னு திரண்டு வந்துச்சு. அண்ணாந்து பாத்தேன். 'எங்க வீட்டை விட்டுட்டுப் பெய்யி'ன்னேன். சுத்தி நாலு தெருவுல முழங்கால் தண்ணி. எங்க மாடியில வெயிலு! கடைசியில என்ன ஆச்சு? எனக்குச் சொல்லிக்கொடுத்த குருவே என் பேச்சைக் கேட்டுட்டு, இனிமே நான் பேசுறதுல அர்த்தமில்லைன்னு மௌனத்துல உக்காந்துட்டாரு. இன்னும் வாயைத் திறக்கல."

"அந்த வத்தல் நனைஞ்சு பூசணம் பூத்துப்போயி குப்பையில கொட்டினேன்"ன்னாங்க வடிவு. "என்னங்க, விருத்தாசலமும் போயிட்டு. எழுப்புங்களேன்."

எனக்கும் பொறுக்கல. விலா என்னுது. "அண்ணாச்சி, மேகத்துக்கே சொன்னவரு, இந்த மீசைக்காரருக்குச் சொல்லப்படாதா?"

அண்ணாச்சி அந்த மீசையை ஒரு பார்வை பாத்தாரு. பெரிய மீசைதான். குரலைத் தணிச்சாரு. "அதான் சார் பயமே. நான் 'எந்திரி'ன்னு சொன்னா இவரு மட்டுமா எந்திரிப்பாரு? வண்டியில இருக்கிறவன் பூரா எந்திரிச்சு நிப்பான். அதோட போச்சா? வழி நெடுக எத்தனை கல்லறைத் தோட்டம் இருக்கு! அதுல படுத்திருக்கிறவன் எல்லாம் எந்திரிச்சு அரியலூர்ல வந்து ஏறினா, டிக்கெட் யாரு எடுக்கது? உக்கார இடம் ஏது?"

சூசை வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்கினாரு. அவரு குலுங்கினதுல எனக்கு இன்னொரு கம்பி பதிஞ்சுது.

வடிவு சிரிக்கல. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல எந்திரிச்சாங்க. மீசைக்காரரோட பாதத்துல ரெண்டு தட்டு தட்டினாங்க. "தம்பி, எந்திரிப்பா. இது எங்க இடம்."

அவரு பதறிப்போயி எந்திரிச்சாரு. "ஐயோ, எனக்கு மேல் பெர்த்தும்மா. காலியா இருக்கேன்னு படுத்தேன். எங்க ஏறுனீங்க? தாம்பரத்துலயா! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா." துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மளமளன்னு மேல ஏறிட்டாரு.

வடிவு ஜன்னலோரம் சாஞ்சு, ரெண்டு காலையும் பெர்த் முழுக்க நீட்டினாங்க. "அப்பாடா"ன்னு அவங்க விட்ட மூச்சுல எனக்கே வலி குறைஞ்சுது.

அண்ணாச்சி துள்ளி எந்திரிச்சாரு. "பாத்தீங்களா சார்! வாயால சொன்னா ஆபத்துன்னு தொண்டைக்குள்ளயே சொன்னேன். எப்படி எந்திரிச்சான் பாத்தீங்களா!"

அவரு எந்திரிச்ச இடத்துல சூசை உடனே காலை அகட்டி, பையையும் பக்கத்துல வச்சுட்டாரு. நானும் விலாவைக் கம்பியிலிருந்து பிரிச்சு எடுத்துக்கிட்டேன். அண்ணாச்சி இந்தப் பக்கம் பாத்தாரு, பை. அந்தப் பக்கம் பாத்தாரு, சம்சாரத்தோட காலு. கொஞ்சம் மடக்கும்மான்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. தொண்டை மேலயும் கீழயும் ஏறி இறங்குச்சு. கேக்கல.

அரியலூர் வந்துச்சு, போச்சு. அண்ணாச்சி மேல் பெர்த் சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு ஆடிக்கிட்டே நின்னாரு.

"என்ன அண்ணாச்சி, உக்காரலியா?"ன்னேன்.

"நின்னாத்தான் சார் தொண்டைச் சக்கரம் நல்லா சுத்தும்."

வடிவு கண்ணை மூடிக்கிட்டே சொன்னாங்க: "சுத்தட்டும். திருநெல்வேலி வரைக்கும் சுத்தட்டும்."