மைக்கில் சேர்ந்த மாணவி

ஊர் ஊராகப் போய், "விளையாட்டுக் கோட்டாவில் இலவசமாகப் படிக்கலாம், வாம்மா" என்று கபடிக்காரி இசக்கியம்மாளைக் கூட்டி வந்தவரே கல்லூரித் தாளாளர் தணிகாசலம்தான். மறு வருடம் அவளிடமே முழுக் கட்டணம் கேட்டார். கொடுத்த வாக்கு காற்றோடு போனது.

"பணம் கட்டாதவ என் காலேஜ் பொண்ணே இல்லை. ஃபைனலை மட்டும் ஆடிக் கொடுத்துட்டுக் கிளம்பு," என்றார். என்ன ஒரு பெரிய மனசு!

"சரிங்க சார்," என்றாள் இசக்கி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

கல்லூரிகளுக்கு இடையிலான கபடி ஃபைனலுக்கு மந்திரி வந்திருந்தார். விசில் ஊதப்போகும் நேரத்தில் எதிரணிக் கோச் துள்ளி எழுந்தார். "பணம் கட்டலைன்னு அந்தப் பொண்ணை நீக்கிட்டாங்க! வெளியாளை இறக்குறாங்க!"

நடுவர் தாளாளரிடம் மைக்கை நீட்டினார். "உங்க மாணவி இல்லைன்னா கோப்பை அவங்களுக்குத்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க சார்."

தணிகாசலம் மந்திரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மைக்கை வாங்கினார். "எங்க பொண்ணுதாங்க! படிச்சு முடிக்கிற வரைக்கும் அவகிட்ட ஒரு பைசா வாங்க மாட்டோம்!"

மந்திரியே கைதட்டினார். அப்புறம் பின்வாங்க முடியுமா?

கோப்பையோடு வந்தவளைத் தணிகாசலம் மடக்கி, "அந்தக் கோச்சுக்கு எவன் சொன்னான்?" என்று பல்லைக் கடித்தார்.

"நான்தான் சார். கபடியில அவுட்டாகி வெளியே உட்கார்ந்தவ திரும்ப உள்ளே வரணும்னா, நம்ம ஆளு யாராவது பாயிண்ட் எடுக்கணும். இன்னைக்கு நீங்க எடுத்துட்டீங்க!"