பாலத்தடி விருந்து

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சித்தாள் பூவாயிக்கு ஒரே பயம். ஆனாலும் கான்ட்ராக்டர் தணிகாசலத்திடம் சொல்லிவிட்டாள்.

"பாலத்து மேல தார் விரிப்பு ஒட்டாம விட்டா தண்ணி இறங்கும், கம்பி துருப்பிடிக்கும் மொதலாளி."

"என் கான்கிரீட் நூறு வருஷம் தாங்கும்! இந்தச் சித்திரை வெயில்ல ஒரு சொட்டு ஒழுகவிட்டுக் காட்டு. இல்லேன்னா வேலையை விட்டுப் போ!"

"சரிங்க. நாளைக்கு வர்ற பெரிய இன்ஜினியருக்குப் பாலத்தடியிலயே பந்தி போடுங்க. நல்ல நிழல்."

மறுநாள் விடிந்ததுமே பூவாயி பாலத்தின்மேல் மண்வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கினாள். மதியம் பாலத்தடிப் பந்தியில் பாயசம் பரிமாறும்போது இன்ஜினியர் இலையில் ஒரு சொட்டு விழுந்தது. அவர் அண்ணாந்து பார்த்தார். நெற்றியில் இன்னொன்று விழுந்தது.

மேலிருந்து பூவாயி எட்டிப் பார்த்தாள். "ஒழுகுதுங்களா மொதலாளி?"

இன்ஜினியர் சிரித்துவிட்டார். "தணிகாசலம், முதல்ல விரிப்பை ஒட்டுய்யா! அந்தம்மாவையும் சாப்பிடக் கூப்பிடு."

பூவாயி இறங்கி வந்தாள். தன் இலையை மட்டும் தூக்கிக்கொண்டு, சொட்டு விழாத இடமாகப் பார்த்து வெயிலில் போய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள்.