கடன் போகிற ஊர்வலம்

தவில் உலகநாதன் அம்மையின் மடத்துக்கு வந்தபோது மேல்துண்டு நனைந்திருந்தது. மழை ஒன்றும் பெய்யவில்லை. மனுஷன் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருந்தார்.

அம்மைக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவு. ஆனாலும் அம்மைதான் உலகநாதனுக்குக் குரு. ஆற்றங்கரை மடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மை ஒரு கீரைக்கட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"ஆய்ஞ்சுக்கிட்டே சொல்லுங்க, வித்வானே."

"தவிலை வித்துடலாம்னு இருக்கேன், அம்மா."

"எதுக்கு?"

"பொண்ணு கல்யாணத்துக்கு அரிசி மண்டி வைத்தியலிங்கத்துக்கிட்ட கடன் வாங்கினேன். வருஷம் மூணு ஆச்சு. கட்டக் கட்ட அது குறையவே மாட்டேங்குது. தவிலை வித்து ஒரு பங்கைக் கொடுத்துட்டு மாப்பிள்ளை கடையில கணக்குப் பார்க்கப் போயிடலாம்னு இருக்கேன்."

"போன மாசம் கட்டினீங்களா?"

உலகநாதன் கீரைத்தண்டை உருட்டினார். "இல்லை. மேலத்தெருவில ஒரு கல்யாணம். வெள்ளிக் குத்துவிளக்கு வச்சுக் கொடுத்தேன். சின்னதாச் செஞ்சா நான் கடன்ல இருக்கிறது ஊருக்குத் தெரிஞ்சுடும்."

"விளக்கு வாங்கப் பணம் ஏது?"

"வைத்தியலிங்கத்துக்கிட்டதான்."

அம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார். உலகநாதனுக்குக் கோபம் வந்தது. பிறகு, தான் சொன்னதைத் தானே ஒருமுறை நினைத்துப் பார்த்தார். அவருக்கும் உதட்டோரம் ஆடியது.

"மண்டிக்கு எந்த வழியாப் போவீங்க?"

"வாய்க்கால் ஓரமா, பின்பக்கச் சந்து வழியா."

"கடன் வாங்கி நடத்தின கல்யாணம் எந்த வழியா வந்துச்சு?"

"கடைத்தெரு வழியாத்தான். மேளதாளத்தோட. மாப்பிள்ளை அழைப்பு ஆச்சே!"

அம்மை கீரையை உதறினார். "தாலி கட்டும்போது கெட்டிமேளம் எதுக்கு வாசிக்கிறீங்க?"

இது அவருடைய பாடம். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த நேரத்துல யாராவது தும்மலாம், ஏதாவது வேண்டாத வார்த்தை பேசலாம். அது காதில விழக்கூடாது."

"அப்ப அடுத்த தவணைக்குத் தவிலை மாட்டிக்கிட்டுப் போங்க. கடைத்தெரு வழியா. வாசிச்சுக்கிட்டே."

உலகநாதன் எழுந்தே விட்டார். "என் மானம் போயிடும், அம்மா!"

"மண்டி வரைக்கும்தானே போகும்? வரும்போது கையோட கூட்டிக்கிட்டு வந்துடுங்க."

குரு சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. அடுத்த மாதம் முதல் தேதி, கடைத்தெரு முனையில் நின்று விரல்களில் தவில் வாசிக்கும் கூடுகளை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு தட்டினார்.

டீக்கடை மாரிமுத்து ஆற்றிக்கொண்டிருந்த கிளாஸோடு வெளியே வந்தார். "யார் வீட்டு விசேஷம், வித்வான்?"

"என் வீட்டு விசேஷம்தான். கடன் கட்டப் போறேன்."

தெரு சிரித்தது. யார் யார் என்ன என்ன சொன்னார்களோ, அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. தவிலை அப்படி அடித்துக்கொண்டு நடந்தார்.

மேளச் சத்தம் கேட்டு வைத்தியலிங்கம் மண்டி வாசலுக்கு ஓடி வந்தார். தன்னை ஊர் முன்னால் அவமானப்படுத்த வந்திருக்கிறாரோ என்று பயம். பணத்தை வாங்கிக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அரிசி மூட்டைகளைப் பார்த்தார்.

திரும்பும்போது உலகநாதன் வாசிக்கவில்லை. வசவோ கேலியோ காதில் விழட்டும் என்று நடந்தார். விழுந்தது மாரிமுத்துவின் குரல்.

"மூணாவதா வாசிச்சீங்களே, அந்த நடை பிரமாதம், வித்வான். அடுத்த மாசமும் முதல் தேதிதானே?"

அடுத்த மாதம் தெரு காத்திருந்தது. பூக்கடைச் செவந்தி அவர் மேல் ஒரு கை உதிரிப்பூ வீசினாள். சைக்கிள் கடை ஜப்பார் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வித்வான், கொஞ்சம் நில்லுங்க. மண்டியில எனக்கும் அரிசிப் பாக்கி இருக்கு. தனியாப் போகக் கூச்சமா இருக்கு. உங்க பின்னாடியே வந்துடுறேனே?"

"பின்னாடி எதுக்கு? பக்கத்துல வாங்க, பாய்."

கீழத்தெருக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர், "மொய் கிய்யின்னு எதுவும் கொண்டு வந்தீங்க, அப்புறம் எனக்குக் கெட்ட கோபம் வரும். வந்து வயிறாரச் சாப்பிட்டுப் போங்க" என்றார். உலகநாதன் அப்படியே செய்தார். இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தார். கல்யாணச் சாப்பாடு இவ்வளவு ருசியாக இருக்கும் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

ஆடி பிறந்தது. முகூர்த்தம் இல்லை, வரும்படியும் இல்லை. முதல் தேதியன்று உலகநாதன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். பழைய பயம் திரும்பி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது. தவிலை யாரிடம் விற்கலாம் என்றுகூட மறுபடி யோசித்தார்.

கதவு தடதடத்தது. மாரிமுத்துவும் செவந்தியும் நின்றார்கள்.

"மேளத்தை எங்க காணோம்?"

"ஆடி மாசம். கையில காசு இல்லை."

"செல்லியம்மனுக்குக் கூழ் ஊத்துறாங்க. வீதி சுத்தி வர மேளத்துக்கு ஆள் தேடுறாங்க" என்றார் மாரிமுத்து.

"பெரிய கோயில் கச்சேரியெல்லாம் வாசிச்ச கை. சந்து சந்தாத் திரிஞ்சு..." என்று இழுத்தார் உலகநாதன்.

செவந்தி இடுப்பில் கைவைத்தாள். "மண்டிக்காரருக்குத் தெருத்தெருவா வாசிப்பீங்க, ஆத்தாளுக்கு வாசிக்க மாட்டீங்களோ?"

உலகநாதன் எழுந்து சட்டையைத் தேடினார். தவணை ஒரு வாரம் தள்ளிப் போனது, அவ்வளவுதான்.

தை மாதம். கடைசித் தவணை. உலகநாதனுக்கு முன்னால் செவந்தி பூத்தட்டோடு நடந்தாள். மாரிமுத்து அன்று கடைக்கே லீவு விட்டிருந்தார். ஜப்பார் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தாளத்துக்கு மணி அடித்துக்கொண்டே வந்தார். வாசிக்க வாசிக்க உலகநாதனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவர் எதையும் துடைத்துக்கொள்ளவில்லை.

மண்டி வாசலில் கோலம் போட்டிருந்தது. வைத்தியலிங்கம் புது வேட்டி கட்டி நின்றார். பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சட்டென்று ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டினார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

உலகநாதன் தன் ஆயுளில் அப்படி வாசித்ததில்லை.

மேளம் ஓய்ந்ததும் நேரே மடத்துக்கு ஓடினார். தவிலைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு அம்மையின் காலில் விழுந்தார்.

"மண்டிக் கடன் அடைஞ்சுபோச்சு, அம்மா. ஆனா இந்தத் தெரு என்னைத் தூக்கி நிறுத்திடுச்சு. அந்தக் கடனை நான் எப்படி அடைப்பேன்?"

அம்மை அன்றும் கீரைதான் ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் கேட்டார்.

"ஜப்பார் பாய்க்கு இன்னும் தவணை பாக்கி இருக்காமே. தவிலை எதுக்குக் கழட்டினீங்க?"