விழ மறுத்த பொன்வண்டு

காட்டோர வேலமரம் ஒன்றில் ஒரு பொன்வண்டும் ஓர் அந்துப்பூச்சியும் குடியிருந்தன. பொன்வண்டு பச்சைப்பசேலென்று மின்னும். அந்துப்பூச்சிக்கோ மரப்பட்டையின் நிறம். சிறகை விரித்து ஒட்டிக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆபத்து வந்தால் அந்துப்பூச்சி அசையாது. பொன்வண்டு கால்களை மடக்கிக்கொண்டு பொத்தென்று விழும், சருகுக்குள் செத்ததுபோல் கிடக்கும். அதன் அப்பன், பாட்டன் எல்லாரும் அப்படி விழுந்து பிழைத்தவர்கள்தான்.

அதனால் ஓர் ஓணான் பொன்வண்டை மூன்று முறை கோட்டை விட்டிருந்தது. ஒருநாள் காலை அது அடிமரத்தில் நின்று தலையை ஆட்டியது.

"தம்பி, உன்னையும் அந்துப்பூச்சியையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எனக்கே வெட்கமாயிருக்கு!"

"ஏன் அண்ணே?"

"என்னைக் கண்டு அவள் அசைகிறாளா? நீ மட்டும் தொப்பென்று விழுகிறாயே, கோழை! இத்தனை அழகிருந்து என்ன பிரயோசனம்?"

ஓணான் போய்விட்டது. பொன்வண்டுக்கு ஒன்றும் புரியவில்லை. 'விழுவது கோழைத்தனமா? அப்படியானால் அப்பா கோழையா? பிழைத்தாரே! பிழைத்தது தப்பா?' யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. இலை கூட ருசிக்கவில்லை, பாவம்.

அந்துப்பூச்சியிடம் போய்க் கேட்டது. "அக்கா, நீ உசத்தியா, நான் உசத்தியா?"

"எதில்?"

"அதுதான் தெரியலையே!"

"தெரியாததுக்கு ஏன் மண்டையை உடைக்கிறாய்? போய்ச் சாப்பிடு!"

பொன்வண்டு இன்னும் குழம்பிப்போனது. சரி, அக்கா மாதிரியே இருந்து பார்ப்போம் என்று பக்கத்துப் பட்டையில் ஒட்டிக்கொண்டது. வெயில் பட்டதும் தேய்த்த பாத்திரம்போல் பளிச்சிட்டது.

ஓணான் மெல்ல ஏறி வந்தது. பொன்வண்டின் கால்கள் தாமாக மடங்கப் பார்த்தன. ஆனாலும் அது பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டது.

"விழமாட்டேன்! நான் கோழை இல்லை!"

"சபாஷ்! அப்படியே இரு தம்பி!" ஓணான் வாயைத் திறந்தது.

"விழுடா முட்டாளே!" என்று அந்துப்பூச்சி அலறியது. ஓணான் திடுக்கிட்டுத் திரும்பியது. அந்த நொடியில் பொன்வண்டு பொத்தென்று விழுந்தது. அந்துப்பூச்சியும் பறந்து பக்கத்துப் புதரில் இறங்கியது. ஓணான் வெறும் பட்டையைப் பார்த்து விழித்தது.

அது போனபிறகு, மல்லாந்து கிடந்த பொன்வண்டு முனகியது. "அக்கா, உன்னை அவ்வளவு புகழ்ந்தாரே அந்த அண்ணன்!"

"அவன் என்னை ஒருநாளாவது பார்த்திருக்கிறானா என்று கேள்! பார்த்திருந்தால் நான் உயிரோடு இருப்பேனா?"

ஒருவர் நம்மை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பேசினால், அதில் பேசுகிறவருக்கு என்ன லாபம் என்று முதலில் பார்க்க வேண்டும்.