வடமலையாரின் வலத்தோள்

ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் அமைந்த திருநெய்தலூரில், வரந்தரு பெருமாளுக்குப் பன்னிரண்டு ஸ்ரீபாதந்தாங்கிகள் உண்டு. பெருமாள் வீதிக்கு எழுந்தருளும் நாள்களில் பல்லக்கையும் வாகனங்களையும் தோளில் சுமப்பவர்கள் அவர்கள். அந்தப் பன்னிருவரில், இருபத்தாறு ஆண்டுகளாக முன்தண்டைத் தம் வலத்தோளில் ஏற்றவர் வடமலையார். உற்சவம் இல்லாத நாள்களில் அரிசி ஆலையில் மூட்டை சுமந்து பிழைத்தார். விடிவதற்குள் ஆற்றில் முழுகி, நாமம் தரித்து, வாகன மண்டபத்துக்குப் போவார். தண்டுகளைத் துணியால் துடைத்து, விரிசல் உள்ள இடத்தில் எண்ணெய் தடவுவார். எவரும் சொல்லிச் செய்ததில்லை. அது முடிந்த பிறகே ஆலைக்கு நடப்பார்.

மூட்டைக்கு இடத்தோள், பெருமாளுக்கு வலத்தோள் என்று அவருக்கு ஒரு வைராக்கியம். ஆலையில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். "வலத்தோளையும் குடுத்தா வேலை சுருக்க முடியும்ல வடமலை, சாமி என்ன கையெழுத்தா வாங்கியிருக்காரு?" என்று கேட்பார்கள். அவரும் அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த மூட்டைக்கு இடத்தோளைக் கொடுப்பார்.

தண்டு அழுந்தி அழுந்தி ஸ்ரீபாதந்தாங்கிகள் அனைவருக்கும் தோளில் காய்ப்பு உண்டு. வடமலையாருக்கு அது மற்றவர்களைவிடப் பெரியது. ஐம்பத்திரண்டாம் வயதில் அது இன்னும் பெரிதாகத் தொடங்கியது. வலி இல்லை. "பெருமாள் பிரசாதம்டா இது" என்றார் தாங்கிகளின் தலைவர் சாரங்கபாணி. வடமலையாருக்கும் உள்ளூரப் பெருமிதம்தான். சட்டை போடாமல் நடக்கையில் ஊரார் பார்ப்பதை அவர் கவனிக்காமல் இல்லை.

பெருமிதம் கொள்ளாதவர் அவர் மனைவி செங்கமலம் அம்மையார் ஒருவரே. ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கையில் அவர் விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"என்னங்க, காய்ப்புன்னா தோலுல இருக்கும். இது தோலுக்கு அடியில இருக்கு. ரெண்டு மாசமா ஒரு பொறப்பாடும் இல்ல, ஆனா இது வளந்துக்கிட்டே போவுது."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லட்டும்."

டாக்டர்கள் அப்படிச் சொல்லவில்லை. நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். தசையில் தோன்றிய புற்று என்று முடிவு வந்தது. நுரையீரலையும் படம் எடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து எந்த நிலை என்று சொல்ல ஒன்பது நாள் ஆகும் என்றார்கள்.

அந்த ஒன்பது நாளும் வடமலையாரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். மண்டபத்தில் துடைத்த தண்டையே மறுபடி துடைப்பார். உச்சி வெயிலில் நான்கு மாடவீதியையும் சுற்றி வருவார். தோளில் சுமை இல்லை. கால்களோ தாங்கிகள் போடும் அதே அளவான எட்டை வைத்தன. பெருமாளிடம் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் நெஞ்சு ஈரக் கோழிபோல உதறிக்கொண்டே இருந்தது.

போகிற வழியெல்லாம் ஒரே கேள்வி. "எத்தனாவது ஸ்டேஜாம்?" டீக்கடையில் ஒருவர் விரல் மடக்கிக் காட்டினார். "ஒண்ணு, ரெண்டுன்னா பொழைச்சுக்கலாம். மூணுன்னா மூணு மாசம். நாலுன்னா நாள எண்ண வேண்டியதுதான்." இன்னொருவர் குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு உரக்கவே சொன்னார்: "சாமிய சொமந்த தோளுலயே வந்திருக்கு பாரேன். என்ன கொறை வெச்சாரோ, பெருமாளு தண்டிச்சுட்டாரு."

வடமலையார் திரும்பி வந்தார். "சொமக்கச் சொன்னது அவருதான். நோவ அனுப்புனது அவருன்னு ஒமக்கு யாரு சொன்னா? ஆலையில தூக்குற ஆளுக்கு வந்தா நோவு, எனக்கு வந்தா தண்டனையா?" என்று கேட்டார். டீ குடிக்காமலே நடந்துவிட்டார்.

பத்தாம் நாள் மருத்துவமனையில் கணவனும் மனைவியும் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். வடமலையார் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், பெயர் சந்தியாகு. "சீட்டுதான் காலியா இருக்கே, ஒக்காருங்களேன்" என்றார். பேச்சு வளர்ந்தது. "நான் நாலாவது ஸ்டேஜு. வந்து மூணு வருசமாச்சு. முழுசாப் போகாதுன்னு சொல்லிட்டாங்க. அடக்கி வெச்சிருக்காங்க. சில மாசம் நல்லாருக்கும், சில மாசம் ஆளப் பொரட்டிப் போட்டுரும். ஆனா என்னையக் கொல்லப் போறது இந்த கேண்டீன் சாம்பாருதான்." டீக்கடைக் கணக்கில் இந்த மனிதர் என்றோ போயிருக்க வேண்டும். வடமலையார் முதன்முறையாக முழுதாக ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் செங்கமலம் அம்மையார் உள்ளே நழுவி, டாக்டர் நிலோபரிடம் கைகூப்பிக் கொண்டிருந்தார். "எதுவா இருந்தாலும் என்கிட்ட மட்டும் சொல்லுங்கம்மா. அவருக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாரு."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒருத்தரே எத்தனை நாள் தூக்கிக்கிட்டு நடப்பீங்க? அவரையே கேப்போம்."

வடமலையாரை அழைத்து, "ஐயா, எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்லட்டுமா, இல்ல வீட்டம்மாகிட்ட மட்டும் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"வாகனம் எவ்வளவு கனம்னு தெரியாம எப்படிம்மா தோளு குடுக்குறது? சொல்லுங்க."

"மூணாவது நிலை."

வடமலையார் எழுந்தார். சுவர்வரை போய்த் திரும்பினார். "மூணு மாசமா?"

"இல்லவே இல்ல. ஸ்டேஜுங்கிறது நாள் கணக்கு இல்லைங்க. நோய் இப்ப எந்த இடத்துல நிக்குதுன்னு சொல்ற அடையாளம். கட்டி எவ்வளவு பெருசு, அது எவ்வளவு வேகமா வளர்ற ஜாதி, வேற உறுப்புக்குப் போயிருக்கா, இத வெச்சுத்தான் போடுறோம். உங்களுது பெருசு, வேகமான ஜாதி. அதனாலதான் மூணு. ஆனா நுரையீரலுக்குப் போகல. போயிருந்தா நாலு. ஒவ்வொரு புத்துக்கும் இந்தக் கணக்கு வேற மாதிரி. அடுத்தவங்க கதைய உங்களுதா எடுத்துக்காதீங்க."

"கொணமாயிருமா?"

"ஆகுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. சத்தியம் பண்ண மாட்டேன். முதல்ல அஞ்சு வாரம் கரண்ட் வைக்கணும், கதிர் சிகிச்சைதான் அது. அப்புறம் ஆபரேஷன். தசையில ஒரு பெரிய பகுதிய எடுத்துருவோம்."

"பல்லக்கு?"

டாக்டருக்குப் புரியவில்லை. அம்மையார்தான் விளக்கினார். டாக்டர், "அந்தத் தோள்ல இனிமே பாரம் ஏத்த முடியாதுங்கய்யா" என்றார்.

ஸ்டேஜ் என்னவென்று கேட்டபோது எழுந்து நடந்தவர், இதைக் கேட்டதும் நாற்காலியில் அமர்ந்துவிட்டார். ஆனி மாதக் கருட சேவைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதுவரை பொறுக்கலாமா என்று கேட்டார். "இன்னிக்கு நெஞ்சுக்குப் போகல. மூணு மாசம் கழிச்சு அப்படியே இருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

ஊருக்குத் திரும்பியதும் சாரங்கபாணி வீட்டுக்கே வந்தார். "கருடன் உன் தோளு இல்லாம நகர மாட்டாரு வடமலை. இந்த ஒரு தடவை தூக்கிட்டு அப்புறம் போ. தூக்க வெச்சவரு பாத்துக்க மாட்டாரா?" அது கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அதனாலேயே வடமலையாரை அது அதிகம் ஆட்டியது. கடைசியாக ஒருமுறை. ஒரே ஒருமுறை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

செங்கமலம் அம்மையார் குறுக்கே வந்து நின்றார். "நீங்க போயிட்டா பெருமாளுக்கு இன்னும் பதினோரு பேரு தோளு குடுப்பாங்க. எனக்கு யாரு குடுப்பா?"

அம்மையார் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு நடந்திருப்பார். வடமலையார் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். உச்சிக்காலம் முடிந்து சன்னிதி சாத்தியிருந்தது. சாத்திய கதவைப் பார்த்தே பேசினார்.

"நீர் குடுத்த தோளு. கெட்டுப்போகட்டும்னு வெச்சிருந்து, ஒரு வீதி உம்மத் தூக்கிட்டு, அதத்தான் பெரிய தொண்டுன்னு சொல்லிக்கணுமா? அது உமக்காகவா, ஊரு என்னைப் பாக்கணும்கிறதுக்காகவா? எனக்கே தெரியல. நான் வைத்தியத்துக்குப் போறேன். கோவம்னா நேருல சொல்லும்."

கதவு திறக்கவில்லை. அசரீரியும் எழவில்லை. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, மதியப் பேருந்தில் அம்மையாரோடு நகரத்துக்குப் புறப்பட்டார்.

வாரத்துக்கு ஐந்து நாளாக இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்தார்கள். தோல் கருத்து, பிறகு உரிந்தது. உடம்பு ஓய்ந்தாலும் அவர் விடாமல் வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். புதிதாக வந்தவர்கள் அவரிடமும், "எத்தனாவது ஸ்டேஜுங்க?" என்று கலங்கிக் கேட்டார்கள். "மூணு. அது நாள் இல்ல, நோய் நிக்கிற எடம். டாக்டரம்மாகிட்டயே கேளுங்க, டீக்கடையில கேக்காதீங்க" என்பார். சந்தியாகு இரண்டு வாரம் வராதபோது ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தார். மூன்றாவது வாரம் வந்தவர், இளைத்திருந்தார். சாம்பாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வடமலையார் அன்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

காயம் ஆற விட்டு, பிறகு அறுவை செய்தார்கள். வலக்கை மார்புக்கு மேல் எழவில்லை. கட்டியைச் சுற்றி எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை என்றார் டாக்டர். "இப்ப என்ன ஸ்டேஜும்மா?" என்று கேட்டார் வடமலையார்.

"ஸ்டேஜு முதல்ல போட்டதுதான், அது மாறாது. ஆனா இப்ப கண்ணுக்குத் தெரிஞ்சு நோய் இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நெஞ்சப் படம் எடுத்துப் பாக்கணும். இந்த ஜாதி அங்கதான் போகப் பாக்கும்."

ஆனி பிறந்தது. கருட சேவை காலையில் புறப்பட்டது. முன்தண்டில் அவர் இடத்தில் சாரங்கபாணியே தோள் கொடுத்திருந்தார். தெற்கு வீதித் திருப்பத்தில், கூட்டத்துக்குப் பின்னால், தோளில் கட்டோடு நின்றார் வடமலையார். பக்கத்தில் அம்மையார். வீதி உலாவில் பெருமாளை இத்தனை ஆண்டுகளில் அவர் எதிரே நின்று சேவித்ததே இல்லை. முன்தண்டைச் சுமப்பவருக்குப் பெருமாள் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தானே! வாகனம் திரும்பியது. பெருமாளின் திருமுகம் முழுதாகத் தெரிந்தது. "இவ்வளவு அழகா இருக்கீரா நீர்?" என்று அவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

திருப்பத்தில் வாகனம் நின்றது. அர்ச்சகர் வரதபட்டர் சடாரியோடு கூட்டத்துக்குள் வந்தார். பெருமாளின் திருவடிகளைத் தாங்கிய அந்த மகுடத்தைத் தலைதலையாக வைத்துக்கொண்டு வந்தவர் வடமலையார்முன் நின்றார். வடமலையார் இடக்கையால் வாய் பொத்திக் குனிந்தார். அந்த நொடியில் பின்னாலிருந்து கூட்டம் நெருக்கியது. பட்டரின் கை நழுவியது. சடாரி தலையைத் தொடாமல், கட்டுப் போட்ட வலத்தோளின்மேல் இறங்கி, பூப்போல அமர்ந்தது.

பட்டர் எடுக்க முயலவில்லை. "தலைக்குத்தான் கொண்டுவந்தேன். நழுவ விட்டது நானான்னு எனக்குத் தெரியல" என்றார். "இருபத்தாறு வருஷம் நீர் தாங்கின திருவடி ஓய். இன்னிக்கு அது உம்மத் தேடிண்டு வந்திருக்கு."

முன்தண்டின் அடியிலிருந்து சாரங்கபாணி இதைப் பார்த்தார். அவர் கண்கள் வழிந்தன. தண்டைப் பிடித்த கைகளால் துடைத்துக்கொள்ள வழியில்லை. டீக்கடைக்காரர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். "வரந்தரு பெருமாளே!" என்று எவரோ எழுப்பிய குரலோடு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மாதக்கணக்கில் நிலைகொள்ளாதிருந்த வடமலையார் மட்டும் சடாரி எடுக்கப்படும்வரை அசையாமல் நின்றார்.

அதன்பின்னும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம் எடுக்கப் போனார். முடிவு வரும்வரை சோறு இறங்காது, மாடவீதிகளைச் சுற்றிக்கொண்டேயிருப்பார். இப்போது செங்கமலம் அம்மையாரும் உடன் நடந்தார், எட்டுக்கு எட்டு பிசகாமல். நெஞ்சு பதறியபோதும் பெருமாளை நோகாமல், உடம்பையும் கைவிடாமல் நடந்த அந்த எளிய அடியாரின் திருவடிக்கு நம் தோள்களும் உரியவை.