குதிருக்குள் ஒளித்த உறைமோர்

ராஜாக்களுக்கு மீசை முளைத்து, அரண்மனை இன்னும் முளைக்காத காலம் அது. அந்தக் காலத்தில் ஓர் ஆற்றங்கரையில், மாடு வைத்திருப்பவர்கள் மட்டுமே குடியிருந்த ஊர் ஒன்று இருந்தது. ராஜா கதைதான் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இது மோர்க் கலயத்தின் கதை. ஆனால் ஒன்று சொல்கிறேன், ராஜ்ஜியத்துக்காக அடித்துக்கொண்டவர்களுக்குக்கூட இந்த அளவு வயிறு எரிந்திருக்காது.

அந்த ஊரில் ஆவுடைக்கோன் என்று ஒரு பெரியவர். மனைவி இறந்துபோய்விட்டாள். இரண்டு மகன்கள். மூத்தவனுக்குக் கல்யாணமாகி, பேச்சி என்ற மருமகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அடுப்படி அவள் கையில், மாட்டுக்கொட்டில் அவள் கையில், மாமனாரின் வயிறும் அவள் கையில்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகி வருகிற பெண் நகை கொண்டுவருகிறாளோ இல்லையோ, ஒரு பசுவும் தாய்வீட்டு உறைமோர் ஒரு கலயமும் கொண்டுவர வேண்டும். அந்தப் பசுவின் பாலுக்கு அவளே உறை ஊற்ற வேண்டும். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இன்றைய பாலுக்கு. இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைய பாலுக்கு. இப்படியே போய்க்கொண்டிருந்தால், கலயத்தில் இருப்பது புதுத் தயிர் என்றாலும் அது தாய் கை ஊற்றிய தயிர்தானே.

பேச்சியின் தாய், மகள் கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். பிறந்த வீட்டில் அண்ணி வந்து, தன் தாய்வீட்டு உறையைப் புழங்க ஆரம்பித்துவிட்டாள். ஆக, அந்த அம்மாவின் கைத் தயிர் உலகத்தில் மிச்சமிருந்தது பேச்சியின் கலயத்தில் மட்டும்தான். தினமும் காலையில் உறியிலிருந்து அதை இறக்கி, ஒரு துளி எடுத்து நாக்கில் வைப்பாள். அம்மாவின் அடுப்படி நினைவுக்கு வரும். அதற்குப் பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும்.

ஊர் அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முதல் தயிர்க் கலயம் ஆவுடைக்கோன் வீட்டிலிருந்துதான் போகும். அதைத் தலையில் சுமந்துகொண்டு முன்னால் நடப்பவள் பேச்சி. ஊரே பார்க்கும். அவளும் ஊர் பார்க்கிறது என்று தெரிந்தே நடப்பாள்.

இப்படி இருக்கையில், இளையவனுக்குக் கல்யாணம் நடந்தது. வந்தாள் காயாம்பூ.

ஒரு கருப்புப் பசுவோடும் சிரித்த முகத்தோடும் வந்தாள். ஆனால் கலயம் காலி. வழியில் வண்டிச் சக்கரம் ஓடைக்குள் இறங்கி ஒரு குலுக்குக் குலுக்க, மடியில் வைத்திருந்த உறைமோர் அத்தனையும் சேலையில் கொட்டிவிட்டது. வந்து இறங்கியவள் வாசலிலேயே நின்று அழுதாள்.

"அழாத தாயி. அக்கா கலயம் இருக்கில்ல. அதுல ஒரு கரண்டி வாங்கி ஊத்திக்கோ" என்றார் ஆவுடைக்கோன்.

அந்த வார்த்தை பேச்சியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. என் அம்மா தயிர், இவளுக்கா? வந்து அரை நாழிகை ஆகவில்லை, அதற்குள் மாமா இவளைத் தாயி என்கிறார். எனக்கு அந்த வார்த்தை வர எத்தனை மாசம் ஆனது? மாமியார் கடைந்த மத்தையும் இவளிடமே தூக்கிக் கொடுத்துவிடுவாரோ? பேச்சி சிரித்துக்கொண்டே ஆரத்தி சுற்றினாள். உள்ளே புகைந்துகொண்டே சுற்றினாள்.

மறுநாள் காயாம்பூ கலயத்தோடு வந்து நின்றாள். "அக்கா, ஒரு கரண்டி உறை."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை உறை குடுத்தா வீட்டு லச்சுமி கூடவே போயிருவா" என்றாள் பேச்சி.

அதற்கு அடுத்த நாள், பால் கறந்து காய்ச்சி ஆற வைத்துவிட்டு வந்தாள். "அக்கா, ஒரு கரண்டி உறை."

"விளக்கு வச்சாச்சே. விளக்கு வச்ச பொறவு யாராச்சும் உறை கேப்பாங்களா? உங்க ஊர்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

மூன்றாம் முறை காலையிலேயே வந்தாள். மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். இனி மறுக்க முடியாது. "இந்தா, எடுத்தாறேன்" என்று உள்ளே போன பேச்சி, ஒரு கிண்ணத்தில் மோரை ஊற்றி, அடுப்பு நெருப்பின்மேல் வைத்துக் கொதிக்கக் கொதிக்கச் சுட வைத்தாள். பிறகு தண்ணீர் விட்டு அடித்து, பார்வைக்கு மோராக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

சுட வைத்த மோரை ஊற்றினால் பால் உறையாது. மாட்டுக்காரர் வீட்டில் நடை பழகுகிற குழந்தைக்கும் இது தெரியும். காயாம்பூ கிண்ணத்தைக் கையில் வாங்கினாள். கிண்ணத்தின் அடி வெதுவெதுப்பாக இருந்தது. அவள் ஒரு நிமிஷம் பேச்சியின் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தோடு போய்விட்டாள்.

அன்றைய பால் உறையவில்லை. அதற்கடுத்த நாள் பாலும் திரிந்து நீராய்ப் போனது. அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கலாமே என்பீர்கள். புது மருமகள் வெளியே போய் உறை கேட்டால், இந்த வீட்டில் மோருக்குப் பஞ்சமா என்று ஊர் சிரிக்கும். அவள் போகவில்லை.

ஆவுடைக்கோன் தலையைச் சொறிந்துகொண்டார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். கைராசிதான் புரியல. அம்மன் கொடை வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள இந்த மாட்டுப் பால் உறையலன்னா, மாட்டைப் பொறந்த வீட்டுக்கே ஓட்டிவிட்டுற வேண்டியதுதான்."

மாடு திரும்பிப் போனால், கொஞ்ச நாளில் பெண்ணும் பின்னாலேயே போய்விடுவாள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அது தெரியும். காயாம்பூவுக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சிக்கோ இரண்டு கவளம் கூடுதலாகவே இறங்கியது.

அதோடு விட்டாளா பேச்சி? "சும்மாதான இருக்க, என் பானை சட்டியெல்லாம் தேச்சு வையி" என்று தான் கடைந்த மத்தையும் கரண்டியையும் காயாம்பூ முன்னால் தள்ளினாள். அதிகாரம் பண்ணுகிற சுகம் அவளுக்கு. அங்கேதான் கோட்டை விட்டாள்.

காயாம்பூ சாம்பலைத் தொட்டு மத்தைத் தேய்க்கப் போனாள். மத்தின் கீறல்களுக்குள் கட்டித் தயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பலைக் கீழே போட்டாள். விரலால் அந்தத் தயிரை வழித்து, தன் கருப்புப் பசுவின் பாலில் விட்டு மூடி வைத்தாள். காலையில் திறந்து பார்த்தால், கத்தி வைத்து வெட்டலாம், அப்படி உறைந்திருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மாமனார் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டார். "அடடே, மூத்தவ தயிருக்கும் இளையவ தயிருக்கும் வித்தியாசமே தெரியலயே" என்றார்.

தயிர் உறைந்தால் அது எப்படி உறைந்தது என்று எந்த ஆம்பளை கேட்டிருக்கிறான்? அவர் கேட்கவில்லை. பேச்சியும் கேட்கவில்லை, கேட்க வழியில்லை. கேட்டால், உறையாது என்று உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி திரும்பி வரும். கொல்லைப்பக்கமாகப் போய் எவள் வீட்டிலோ வாங்கியிருக்கிறாள் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டாள். அந்தத் தயிரை அவள் நாக்கில்கூட வைக்கவில்லை. மற்றவர்கள் நல்ல தயிர் நல்ல தயிர் என்று சொல்லச் சொல்ல, அவளுக்குக் காது எரிந்தது.

அம்மன் கொடை நெருங்கிய நேரம். பேச்சியின் அண்ணன் குழந்தைக்குக் காது குத்து. ஆற்றைத் தாண்டிக் காலையில் போனால் மாலையில் திரும்பிவிடுகிற தூரம்தான்.

"போயிட்டு வாங்கக்கா. உங்க கலயத்துக்கும் நானே உறை ஊத்தி வைக்கேன்" என்றாள் காயாம்பூ.

பேச்சிக்குப் பகீர் என்றது. நான் இவளுக்குச் செய்ததை இவள் எனக்குச் செய்தால்? என் கலயத்தை அடுப்பில் வைத்துவிட்டால்? தான் செய்த வேலை தனக்குத் தெரியுமே, அதனால் வந்த பயம் அது. கையோடு கொண்டுபோகலாம் என்றால், தாய்வீட்டு உறையைத் தாய்வீட்டுக்கே திருப்பிச் சுமந்து வருகிறவளை, வாழாமல் வந்துவிட்டாள் என்பார்கள்.

"வேண்டாம், என் தயிர் தீந்து போச்சு. வந்து பாத்துக்கிறேன்" என்று வாய் கூசாமல் சொன்னாள். யாரும் பார்க்காத நேரத்தில் கலயத்தைத் துணியால் கட்டி, மண்ணால் வாயைப் பூசி, நெல் குதிருக்குள் புதைத்தாள். தன் மத்தையும் கரண்டியையும் தானே சொட்டு ஒட்டாமல் தேய்த்துக் கழுவினாள். ஒரு துளிகூடக் காயாம்பூவுக்குக் கிடைக்கக் கூடாது. நிம்மதியாகக் கிளம்பிப் போனாள்.

அன்று மத்தியானம் மேற்கே மழை பிடித்தது. ஆறு கரை தொட்டு ஓடியது. பேச்சி நாள்கணக்கில் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டாள். அண்ணி வீட்டுத் தயிரைத் தின்றுகொண்டு, குதிருக்குள் இருக்கும் கலயத்தை நினைத்து நினைத்துத் தவித்தாள். ஆறு வடிந்து அவள் வீடு வந்து சேர்ந்தபோது அம்மன் கொடைக்கு முந்திய நாள், பொழுது சாய்ந்துவிட்டது.

கால்கூடக் கழுவாமல் குதிருக்கு ஓடினாள். நெல்லின் சூட்டில் வெந்து, பூஞ்சணம் பச்சை பச்சையாய்ப் பூத்து, நெளிகிற புழுவோடு இருந்தது கலயம். நாற்றம் முகத்தில் அடித்தது. பேச்சி அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் வந்து பார்த்தான். "தயிருதான, இதுக்கா அழுவ? எங்கயாச்சும் உறை வாங்கிக்கிட்டாப் போச்சு."

"அது தயிரில்லைங்க. எங்கம்மா" என்றாள். அவனுக்கு விளங்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டான்.

நாளைக்குக் கொடைக்குக் கலயம் வேண்டும். இன்றைக்கே பாலில் உறை விழ வேண்டும். வீட்டில் உறை இருப்பது ஒருத்தியிடம்தான். பேச்சி ஒரு காலிக் கலயத்தோடு காயாம்பூ இருந்த அடுப்படியின் நிலைப்படிக்கு வந்து நின்றாள். வாய் வரவில்லை. எப்படி வரும்? இன்று வெள்ளிக்கிழமை. மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. உறை கேட்கக் கூடாது என்று அவள் சொன்ன அத்தனையும் இப்போது அவள் வாயையே அடைத்தது.

காயாம்பூ திரும்பிப் பார்த்தாள். கலயத்தைப் பார்த்தாள். அழுத முகத்தையும் பார்த்தாள். உறியிலிருந்து தன் தயிரை இறக்கி, ஒரு கிண்ணத்தில் அள்ளி நீட்டினாள்.

"வெள்ளிக்கிழமை" என்றாள் பேச்சி, தரையைப் பார்த்தபடி.

"இருக்கட்டும்க்கா."

"விளக்கு வச்சாச்சு."

"இருக்கட்டும்க்கா. தொட்டுப் பாருங்க, சூடு இல்ல."

பேச்சிக்கு முகம் செத்துப்போனது. தெரிந்திருக்கிறது. அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இத்தனை நாள் அக்கா அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"இது எவ வீட்டு உறை?" என்று கேட்டாள் பேச்சி.

"உங்க உறைதான்க்கா. தேய்க்கக் குடுத்தீங்களே, அந்த மத்துல ஒட்டியிருந்துச்சு. வழிச்சு ஊத்துனேன். சொன்னா வேண்டாம்னுருவீங்களோன்னு பயந்து சொல்லல."

உடனே கட்டிப்பிடித்துக்கொண்டாள் என்றா நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. "திருடி" என்றாள் பேச்சி. முதலில் வந்த வார்த்தை அதுதான். என்னைக் கேட்காமல், என் அம்மாவை. அந்தக் கோபத்தோடேயே ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தாள்.

அம்மாவின் அடுப்படி. அதே புளிப்பு, அதே மணம். எதுவும் போகவில்லை. அவள் கொடுக்க மறுத்தும் கை மாறிப் போனது மட்டும்தான் உயிரோடு இருந்தது. பேச்சி நிலைப்படியிலேயே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதாள். காயாம்பூ பாலைச் சூடு பார்த்து, கலயத்தில் ஊற்றி, "நீங்களே ஊத்துங்கக்கா" என்று கரண்டியை அவள் கையில் கொடுத்தாள்.

மறுநாள் கொடைக்குத் தயிர்க் கலயத்தைப் பேச்சிதான் சுமந்தாள். ஒரே நாளில் மனசு வெள்ளையாகிவிடும் என்று நான் சொல்லவில்லையே. ஆனால் பாதி வழியில் நின்று, "கழுத்து வலிக்குதுடி, இனி நீ சும" என்று கலயத்தைக் காயாம்பூ தலையில் வைத்தாள். கழுத்தும் வலிக்கவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த ஆவுடைக்கோனுக்கு அது தெரிந்தது. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் உறை கேட்டு வந்தாலும், எந்தக் கிழமையானாலும், பேச்சி ஒரு கரண்டி எடுத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, "உங்க வீட்டுலயும் பத்திரமா வச்சிருங்க" என்பாள்.

கேட்டவர்களே, கதை இவ்வளவுதான்: அடுத்தவருக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று எதை ஒளித்து வைக்கிறோமோ, அது நமக்கும் இல்லாமல் போய்விடும்.