ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடம்

“என்னால இனிமே முடியாதுக்கா. நான் ஊருக்குப் போறேன்.”

இலக்கியா பையைக் கட்டிவிட்டுத்தான் வந்து நின்றாள். பத்தொன்பது வயது. டென்னிஸ்தான் பிழைப்பு. வாரத்துக்கொரு நாடு, வாயில் நுழையாத பெயரில் ஓர் ஊர், ஜன்னல் திறக்காத ஓர் அறை.

பயிற்சியாளர் ரோஸ்லின் அவளைவிடப் பத்து வயதுதான் மூத்தவள். காபியைக் கீழே வைத்தாள்.

“தோத்ததுக்கா அழுற?”

“ஜெயிச்சாலும் இதே கதிதான். பேச ஒரு நாதி இல்லை. வீட்டுக்கு போன் போட்டா அங்கே தூங்குற நேரம். சாப்பிடப் போனா என் மேஜையில ஒருத்தியும் உட்காருறதில்லை. பிராக்டிஸ் பண்ணக் கூப்பிட்டா, வேற ஆள் இருக்குன்னு நழுவிடுறாங்க. நான் யார் குடியைக் கெடுத்தேன்?”

ரோஸ்லின் எழுந்தாள். மட்டையை எடுத்தாள்.

“போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்ம்-அப் குடுத்துட்டுப் போ. ஆட்டத்துக்கு முன்னாடி எதிராளிக்குக் குடுப்பியே, அப்படியே.”

ஆட்டம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் இருவரும் எதிரெதிரே நின்று ஒருவருக்கொருவர் பந்து போட்டுக்கொள்வது டென்னிஸில் வழக்கம். புள்ளி கிடையாது. கைகாலைச் சூடாக்கிக்கொள்ளத்தான். ஆனால் இலக்கியாவுக்கு அதெல்லாம் ஒத்துவராது. எதிராளியை அப்போதே மிரட்டிவிட வேண்டும் மகராசிக்கு.

மைதானத்துக்குப் போனார்கள். ரோஸ்லின் மெதுவாக ஒரு பந்து போட்டாள்.

இலக்கியா மூலைக்கு ஓங்கி அடித்தாள். பந்து வேலியில் போய் மோதியது.

ரோஸ்லின் நடந்து போய் எடுத்து வந்தாள். மறுபடி போட்டாள், இலக்கியாவின் கைக்கு வாகாக.

மறுபடி மூலை. மறுபடி வேலி.

இப்படியே போயிற்று. ஆளில்லாத மைதானம். குளிர் வேறு. அக்கா வேலிக்குப் போவதும் குனிவதும் வருவதுமாக இருந்தாள். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. பார்க்கப் பார்க்க இலக்கியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது.

“என்னக்கா இது! ஒரு பந்தையாவது திருப்பி அடிங்களேன். இங்கயும் நான் தனியாத்தான் நிக்கணுமா?”

ரோஸ்லின் வேலியோரத்திலிருந்து திரும்பினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“திருப்பி அடிக்க எனக்கும் ஆசைதாண்டி. எனக்கு ஒண்ணு போடேன்.”